கொன்றால் பாவம், தின்றால் போச்சா?

"கொன்றால் பாவம், தின்றால் போச்சு." நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்லுவாங்க. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு கொதிக்கும்போது யாராவது பாவ புண்ணியம் பேச ஆரம்பித்தால் இதுதான் பதில். கொல்வது பாவம்தான், ஆனால் ருசித்துத் தின்று முடித்துவிட்டால் அந்தப் பாவமும் ஜீரணமாகிவிடும்! கேட்கச் சுகமாக இருக்கும் தத்துவம்.

யோசித்துப் பார்த்தால், இதே தத்துவத்தை நாம் சட்டைக்கும் காலணிக்கும் கைப்பேசிக்கும் சேர்த்தே வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முன் பேரங்காடியில் 20 ரிங்கிட்டுக்கு ஒரு டி-சட்டை கிடைக்கிறது. இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு நொடி தோன்றும். பிறகு, "அது கடைக்காரன் பிரச்சினை. நான் காசு கொடுத்துத்தானே வாங்குறேன்?" என்று மனசு சமாதானம் சொல்லிவிடும். தைத்த இடத்தில் அநியாயம் நடந்திருந்தால் பாவம் அங்கேயே தங்கிவிடும், என் பைக்குள் சட்டை மட்டும்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை சரிதானா? வாங்குபவருக்கு ஒரு பங்கு உண்டா? உண்டு என்றால், 22 வயதில் கல்விக் கடனோடு படித்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

வள்ளுவர் போட்ட கணக்கு

இந்தக் கேள்விக்கு நம் மொழியிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. திருக்குறளில் 'புலால் மறுத்தல்' 26ஆவது அதிகாரம். அதில் 256ஆவது குறளை எடுத்துப் பாருங்கள். தின்பதற்காக உலகம் கொல்லாமல் இருந்தால், காசுக்காக இறைச்சி விற்கவும் ஆள் இருக்க மாட்டார்கள் என்பது அதன் கருத்து. "நான் கொல்லலையே, விலைக்குத்தானே வாங்குறேன்" என்று சொல்பவருக்கு நேரடியாகக் கொடுத்த அடி அது. விற்பவரை உண்டாக்குவதே வாங்குபவர்தான் என்கிறார் வள்ளுவர். பொருளாதாரப் பாடத்தில் தேவை, அளிப்பு என்று நாம் படிப்பதை அவர் அறமாகவே பேசிவிட்டார்.

அந்தக் குறளில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வள்ளுவர் அங்கே "ஒருவன் தின்னாவிட்டால்" என்று சொல்லவில்லை. உலகம் என்கிறார். நான் ஒருத்தன் கோழி சாப்பிடாமல் விட்டால் எந்தக் கடையும் மூடப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். பொறுப்பை அவர் ஒரு தனி ஆளின் தலையில் வைக்காமல் கூட்டத்தின் தலையில் வைக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஒரு கட்டடம் சொன்ன பாடம்

2013 ஏப்ரல் 24. வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகில் சாவார் என்ற இடத்தில் 'ரானா பிளாசா' என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். இறந்தவர்கள் 1,134 பேர். பெரும்பாலோர் பெண்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள்.

பொறியியல் மாணவனாக அந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது என்னை அதிகம் உறுத்துவது முந்தின நாள் நடந்தது. ஏப்ரல் 23ஆம் தேதியே சுவர்களிலும் தூண்களிலும் விரிசல் தெரிந்துவிட்டது. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, கட்டடம் ஆபத்தானது என்று சொல்லியும்விட்டார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. கடைகள் மூடப்பட்டன. ஆனால் மேல் மாடிகளில் இருந்த தையல் தொழிலாளர்கள் மறுநாள் காலை வேலைக்கு வந்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அன்று காலை மின்சாரம் தடைபட்டது. மாடியில் இருந்த கனமான ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

ஆக, அங்கே குறைவாக இருந்தது அறிவு இல்லை. "இன்னைக்கு வேலை செய்ய மாட்டேன்" என்று சொல்லும் உரிமைதான் அந்தத் தொழிலாளர்களிடம் இல்லை. வங்கி ஊழியருக்கு இருந்த பாதுகாப்பு தையல்காரப் பெண்ணுக்கு இல்லை. அனுப்பவேண்டிய சரக்கு குறித்த தேதிக்குள் போகாவிட்டால் தொழிற்சாலைக்கு நஷ்டம். அந்தத் தேதியையும் விலையையும் யார் வைத்தார்கள்? வாங்குபவர்கள். வாங்குபவர்களுக்கு வாங்குபவர்கள் யார்? கடையில் நிற்கும் நாம்.

கட்டடப் பொறியியலில், ஒரே புள்ளியில் விழும் சுமை ஒன்று, பரவி விழும் சுமை இன்னொன்று என்று படிப்போம். அலுவலகத்துக்கும் கடைகளுக்கும் என்று கட்டிய அந்தக் கட்டடத்தில் அனுமதி இல்லாமல் மாடிகள் ஏறின. தையல் இயந்திரங்கள் ஏறின. ஒரு தையல் இயந்திரத்தின் எடையால் எந்தத் தூணும் முறியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது முறிந்தது. எந்த இயந்திரத்தைக் குற்றம் சொல்வது? நம் டி-சட்டைகளும் அப்படித்தான். என் ஒரு சட்டையால் யாரும் சாகவில்லை என்பது உண்மை. கோடிக்கணக்கான சட்டைகள் ஒரே மாதிரி "இன்னும் மலிவா, இன்னும் சீக்கிரமா" என்று அழுத்தியதும் உண்மை. வள்ளுவர் உலகம் என்று சொன்னது இந்தப் பரவிய சுமையைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சான்றிதழ் இருக்கே?

"பெரிய கம்பெனிகள் எல்லாம் ஆள் அனுப்பிச் சோதனை செய்றாங்களே, சான்றிதழ் கொடுக்கிறாங்களே?" என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். 2012 செப்டம்பர் 11ஆம் தேதி பாகிஸ்தானில் கராச்சி நகரின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கட்டும். உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குப் பூட்டிய கதவுகளும் கம்பி அடித்த ஜன்னல்களும்தானே காரணம்? சான்றிதழ் கொடுத்த கண்களுக்கு அவை தெரியவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சோதனைக்கு வருபவர் ஓரிரு நாள் இருப்பார். அவர் வரும் தேதி பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். சம்பளக் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார். முதலாளி பக்கத்திலேயே நிற்க, தொழிலாளியிடம் "பிரச்சினை ஏதும் இருக்கா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பள்ளிக்கு ஆய்வாளர் வந்த நாள் வகுப்பறை எப்படி இருந்தது என்று நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்தானே.

அதோடு, சங்கிலி நீளமானது. பருத்திக் காட்டிலிருந்து நூற்பாலை, பின்னல், சாயம், தையல், ஏற்றுமதியாளர், அப்புறம்தான் கடை. கடை நிறுவனங்கள் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் தையல் கட்டம் வரைதான். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது அந்தக் கட்டத்துக்குக் கீழே, நூற்பாலைகளில். ஏழை வீட்டு இளம்பெண்களைச் சுமார் மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதியில் தங்க வைத்து வேலை வாங்குவார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனாலோ வேலையை விட்டாலோ அந்தத் தொகை கைக்கு வராமலே போகும். தாலி பாக்கியத்தைக் குறிக்கும் ஒரு மங்கலச் சொல்லை எடுத்து இப்படி ஒரு ஏற்பாட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இந்து இளைஞர்களாகிய நமக்கு இது கொஞ்சமாவது வலிக்க வேண்டும்.

மடி காப்பதா, மனிதரைக் காப்பதா?

இங்கே வந்ததும் நல்ல மனசுக்காரர்கள் உடனே எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. "இனிமே அந்தக் கம்பெனிச் சாமானைத் தொடவே மாட்டேன்!" அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

2021 நவம்பரில் டைசன் நிறுவனம், ஜொகூரில் தனக்குப் பொருள் செய்துகொடுத்த ஏ.டி.ஏ. ஐ.எம்.எஸ். நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அங்குள்ள தொழிலாளர் நிலைமையைப் பற்றிய தணிக்கைக்குப் பிறகு எடுத்த முடிவு. கெட்ட இடத்தோடு உறவை அறுத்தாயிற்று, கை சுத்தம். ஆனால் இப்படி ஆர்டர் போகும்போது யாருடைய வேலை முதலில் போகும்? நேப்பாளத்திலும் வங்காளதேசத்திலும் வட்டிக்குக் கடன் வாங்கி முகவருக்குக் கொடுத்துவிட்டு வந்தவருடைய வேலை. அவர் கடன் அப்படியே நிற்கும். யாருக்காக அறம் பேசினோமோ அவருக்கே தண்டனை.

நம் பழக்கம் ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்குத் 'தீட்டு' என்றால் நன்றாகப் புரியும். அசுத்தமானது மேலே பட்டுவிட்டதா, எப்படிக் கழுவுவது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதையும் பார்க்கிறோம்: "இந்தச் சட்டையால் எனக்குப் பாவம் ஒட்டுமா?" இந்தக் கேள்வியின் நடுவில் நிற்பது 'நான்'. தைத்தவர் எங்கேயோ ஓரத்தில். அறத்தின் கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும்: "தைத்தவருக்கு வரவேண்டியது வந்ததா? வராவிட்டால் அதை வரவைக்க நான் எந்தப் பக்கம் தள்ள வேண்டும்?" முதல் கேள்விக்கு விலகி ஓடினால் போதும். இரண்டாவது கேள்விக்கு அங்கேயே நின்று பேச வேண்டும். கஷ்டம் அதிகம், பலன் அவருக்கு.

பேசும் உரிமை

அப்படி நின்று பேசியதால் ஏதாவது மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. ரானா பிளாசா விழுந்த மறு மாதமே, 2013 மேயில், உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஆடை நிறுவனங்களும் சேர்ந்து 'அக்கார்ட்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நாளடைவில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. இது வெறும் வாக்குறுதி இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கட்டடங்களைப் பொறியாளர்கள் சோதித்தார்கள். முடிவுகள் பொதுவில் வெளியிடப்பட்டன. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. ஏப்ரல் 24 காலையில் இல்லாமல் போன அதே உரிமை.

தமிழ்நாட்டிலும் ஒன்று. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த, 20 வயது மதிக்கத்தக்க தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்ற உற்பத்தி நிறுவனம், வாங்குபவரான எச் அண்ட் எம் ஆகிய தரப்புகள் 'திண்டுக்கல் ஒப்பந்தத்தில்' கையெழுத்திட்டன. வெளியிலிருந்து வரும் சோதனைக்காரரை மட்டும் நம்பாமல், தொல்லையைக் கண்டால் சொல்வதற்கு உள்ளே வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சியும் பாதுகாப்பும் கொடுத்த ஒப்பந்தம் இது.

இதைப் படித்தபோது எனக்கு 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தம் நினைவுக்கு வந்தது. அன்று நம் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு மட்டும் இல்லை. எங்கள் பெண்களைத் தொல்லை செய்வதை நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும், சங்கம் வைக்க விட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். ராணுவத்தை இறக்கி அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். சைக்கிளை விட்டு இறங்கும் அவமானத்தை எந்தச் சோதனைப் படிவம் கண்டுபிடித்திருக்கும்? அனுபவித்தவர் வாய் திறந்தால்தான் தெரியும். அன்று அவர்கள் சீவிய பால்மரத்தின் ரப்பர் எங்கோ ஓடிய கார்களுக்குச் சக்கரமானது. அந்த உலகச் சங்கிலியின் அடி வளையம் நம் பாட்டன் பாட்டிகள்தான்.

இன்று அந்த வளையத்தில் வேறு நாட்டு மக்கள் நிற்கிறார்கள். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு இருக்கலாம் என்று கூறி நம் நாட்டின் டாப் குளோவ் நிறுவனத்தின் துணை நிறுவனங்களிலிருந்து வந்த கையுறைகளைத் தடுத்தது. தொழிலாளர்கள் வேலைக்காக முகவர்களிடம் கட்டிய பணத்தால் ஏற்பட்ட கடன் அதில் முக்கியமான விஷயம். பிறகு அந்த நிறுவனம் தொழிலாளர்களுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை விலகியது. கவனியுங்கள்: வாங்குபவர் ஓடிப்போகவில்லை. "சரிசெய், அப்புறம் வாங்குகிறேன்" என்றார். பணம் போக வேண்டியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலை தேடி வருபவர் அதற்காகக் கடனாளி ஆகக் கூடாது என்பது புதிய வெள்ளைக்காரச் சிந்தனை என்று நினைக்க வேண்டாம். 1907இலேயே மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து நம் ஆட்களின் கப்பல் செலவுக்குக் கொடுத்தார்கள். அதனால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் அந்தச் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் ஒரு பதில் சொல்லியாகிவிட்டது. நம் கொள்ளுத்தாத்தாவுக்குப் பொருந்திய நியாயம் நேப்பாளத்துத் தம்பிக்குப் பொருந்தாதா?

நம்ம கையில் இருப்பது

சரி, மாணவர்கள் நாம் என்ன செய்வது? தனி ஆளாக ஒவ்வொரு சட்டையையும் துருவித் துருவி ஆராய்ந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். அது தேவையும் இல்லை. வள்ளுவர் கணக்கில் பொறுப்பு கூட்டத்துடையது. நாம் ஏற்கெனவே ஒரு கூட்டம்.

ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத் தொண்டர்களுக்கும், இளைஞர் முகாமுக்கும், திருமுறைப் போட்டிக்கும் நம் கிளைகள் நூற்றுக்கணக்கில் டி-சட்டை அடிக்கின்றன. கூட்டத்தில் என்ன நடக்கும்? மூன்று கொட்டேஷன் எடுப்போம். குறைந்த விலை எதுவோ அதற்குக் கை தூக்குவோம். முடிந்தது. பெரிய நிறுவனங்கள் செய்வதும் இதுதான், அளவுதான் வேறு. ஓம் எழுத்தும் வேலும் அச்சடித்து நெஞ்சில் போட்டுக்கொள்ளும் சட்டைக்கு விலையைத் தவிர வேறு கேள்வியே கேட்காமல் இருப்பது நமக்கு அழகா?

என் யோசனை எளிமையானது. கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் மூன்று கேள்விகள் சேர்ப்போம். சட்டை எங்கே தைக்கப்பட்டது? அங்கே வேலை செய்பவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டப்படியான சம்பளம், மிகைநேரச் சம்பளம் கிடைக்கிறதா? அவர்கள் வேலை கிடைக்க முகவருக்குப் பணம் கட்டினார்களா, அவர்களுடைய கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது? முதல் தடவை பதில் வராது. "தெரியாது தம்பி, நான் மொத்தக் கடையில எடுக்கிறேன்" என்பார் அச்சுக்கடை அண்ணன். பரவாயில்லை, அவர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் தன் மொத்த வியாபாரியிடம் கேட்கட்டும். பத்துக் கிளைகள் ஒரே கேள்வியைக் கேட்டால், பதில் வைத்திருப்பது வியாபாரத்துக்கு நல்லது என்று யாருக்காவது தோன்றும். பதில் சொல்பவரின் விலை ஒரு ரிங்கிட் கூட இருந்தால் அந்த ஒரு ரிங்கிட்டைக் கொடுக்கத் தீர்மானம் போடுவோம். 300 சட்டைக்கு 300 ரிங்கிட். முகாமின் கடைசி நாள் விருந்தில் ஒரு பலகாரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இதனால் உலகம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். ஒரு தையல் இயந்திரம் தூணை முறிக்காதது போல, ஒரு கிளையின் கடிதமும் விலங்கை முறிக்காது. ஆனால் சேர்ந்தால் எடை கூடும் என்பது நல்ல பக்கத்துக்கும் பொருந்தும் விதி. அடுத்த தைப்பூசத்துக்கான கொட்டேஷன் கடிதம் இன்னும் சில மாதத்தில் எழுதப்படும். உங்கள் கிளையில் அதை எழுதுபவர் யார் என்று கேட்டு வையுங்கள்.